காலம் பார்த்து வெட்டு!
புரந்தர் அஞ்சீர்த் தோட்டத்தில் ஒரு நாள்

புனே நகரத்திலிருந்து தென்கிழக்கே ஹடப்ஸரைத் தாண்டிப் போனால் திவே காட் என்கிற மலைப்பாதை வரும். வளைந்து வளைந்து ஏறும் சாலை. பாதி ஏறியதும் வண்டியை ஓரமாக நிறுத்தச் சொல்லிக் கீழே பாருங்கள். பேஷ்வா பாஜிராவின் மனைவி மஸ்தானியின் பெயர் கொண்ட ஏரி, தட்டில் ஊற்றின பாயசம் மாதிரி தெரியும். ஆஷாட ஏகாதசிக்குப் பண்டரிபுரம் போகும் வார்க்கரி பக்தர்கள், ஞானேஸ்வரர் பல்லக்கோடு இந்த மலையைத்தான் ஏறிக் கடக்கிறார்கள். ஏறி முடித்தால் புரந்தர் வட்டாரம். புனேயிலிருந்து ஏறக்குறைய 30 கிலோமீட்டரில் சாஸ்வட் என்ற ஊர். கர்ஹா நதிக்கரையில் ஞானேஸ்வரரின் தம்பி சோபான தேவரின் சமாதிக் கோயில் இருக்கிறது. இன்னும் கொஞ்ச தூரம் போனால், மஞ்சள் பொடியை வாரி இறைக்கும் ஜேஜுரி கண்டோபா கோயில்.

புனேக்குப் போகிற நம்மவர்கள் பெரும்பாலும் ஜேஜுரியோடு திரும்பிவிடுவார்கள். நான் சொல்லப் போவது அந்த வழியில் இரண்டு பக்கமும் இருக்கும் தோட்டங்களைப் பற்றி. திவே, குர்ஹோளி, சிங்காபூர்... சிரிக்காதீர்கள், சிங்காபூர் என்றே அங்கே ஒரு கிராமம் இருக்கிறது! இந்த ஊர்களில் விளைவதுதான் 'புரந்தர் அஞ்சீர்'. நாம் சீமை அத்தி என்கிறோமே, அதே பழம். 2016-ஆம் ஆண்டில் புவிசார் குறியீடும் பெற்றுவிட்டது.

நான் போனது 2025 ஜூன் முதல் வாரத்தில். மகளுக்கு எட்டாவது மாதம். பிரசவம் புனேயிலேயே என்று முடிவானதால் தஞ்சாவூரிலிருந்து பொடி, ஊறுகாய், பிரசவ மருந்துச் சாமான் எல்லாம் கட்டிக்கொண்டு போயிருந்தேன். மலச்சிக்கல் என்று அவள் சிரமப்பட, பக்கத்து வீட்டு மராட்டிப் பெண், "அஞ்சீர் கொடுங்க மாவஷி" என்றாள். மாவஷி என்றால் நம் சித்தி, பெரியம்மா மாதிரி. கடைக்குப் போனால் பழம் இல்லை. ஒரு வண்டியில் மட்டும் வெடித்துப்போன பத்துப் பழம் கிடந்தது.

"இப்போ எங்கேயிருந்து வரும்? எங்க பிறந்த வீட்டுல இந்த வாரம் மரத்தை வெட்டப் போறாங்க" என்றாள் அந்தப் பெண்.

"ஐயையோ, காய்க்கிற மரத்தையா?"

"வெட்டினாத்தானே காய்க்கும்! ஞாயிற்றுக்கிழமை போறேன். நீங்களும் வந்து பாருங்களேன்."

மகளைப் பார்த்துக்கொள்ள மாப்பிள்ளை வீட்டில் இருக்கும் நாள். கிளம்பிவிட்டேன்.

வஹினியின் எண்பது மரம்

குர்ஹோளிப் பக்கம் ஒரு சரிவான நிலத்தில் தோட்டம். தூரத்தில் புரந்தர் கோட்டை மலை. 1665-இல் சத்ரபதி சிவாஜி, மொகலாயத் தளபதி ஜெய்சிங்கிடம் 23 கோட்டைகளை விட்டுக் கொடுத்து ஒப்பந்தம் செய்தது இந்தக் கோட்டையின் பெயரால்தான். ஐந்து வருஷம் கழித்து அவற்றை ஒவ்வொன்றாக மீட்க ஆரம்பித்தார். எங்கள் தஞ்சாவூரை 1855 வரை ஆண்டதும் போன்ஸ்லே வம்சத்து மராட்டியர்கள்தானே! அதனால் சொந்த ஊருக்கு வந்த மாதிரி ஒரு நினைப்பு.

தோட்டத்தைப் பார்த்துக்கொள்வது அந்தப் பெண்ணின் அண்ணி. மராட்டியில் வஹினி. நாற்பத்தைந்து வயது இருக்கும். ஒன்பது கஜப் புடவையைக் கச்சமாகக் கட்டி, மேலே ஆண் பிள்ளைச் சட்டையை முழுக்கை போட்டுக்கொண்டு நின்றாள். புருஷன் லாரி ஓட்டுகிறார். மாதத்தில் பாதி நாள் வெளியூர். மாமியார், காலேஜில் நர்ஸிங் படிக்கும் பெண், எண்பது அஞ்சீர் மரம், இரண்டு எருமை எல்லாம் வஹினியின் பொறுப்பு.

"எண்பதையும் ஒரே நாளில் வெட்டிவிடுவீர்களா?" என்று கேட்டேன். பக்கத்து வீட்டுப் பெண் இந்தியில் எனக்கு மொழிபெயர்த்தாள்.

"வெட்டினா எல்லாப் பழமும் ஒரே மாசத்துல வந்து குவியும். ரெண்டு நாள் தாங்காத பழம், யார் தலையில கட்டறது? பாதியை ஜூன்ல வெட்டுவேன், அது குளிர்காலத்துல பழுக்கும். மிச்சத்தை செப்டம்பர் கடைசியில வெட்டுவேன். அது மாசி, பங்குனி, சித்திரைன்னு வெயில் காலத்துல பழுக்கும்."

குளிர்காலத்து மகசூலுக்கு அவர்கள் வைத்திருக்கும் பெயர் 'கட்டா பஹார்', அதாவது புளிப்புப் பருவம். வெயில் காலத்து மகசூல் 'மீட்டா பஹார்', இனிப்புப் பருவம். பெயர்தான் புளிப்பே தவிர, டிசம்பர் பழமும் நன்றாகவே இருக்கும். ஆனால் வெயிலில் பழுத்ததற்கு இருக்கும் தித்திப்பே தனி. மழையில் பழுத்தால் மட்டும் உதவாது. பழம் சப்பென்று ஆகி, வெடித்து, புளித்துப் போகும். நான் வண்டியில் பார்த்த பழம் அப்படிப்பட்டதுதான்.

வெட்டிய நாளிலிருந்து நாலு, ஐந்து மாதத்தில் பழம் வரும். ஆக, எந்த மாதத்தில் பழம் வேண்டுமோ அதிலிருந்து பின்னோக்கி எண்ணி, வெட்டும் நாளைக் குறிக்கிறார்கள். நாம் கல்யாணத் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணி அப்பளம் இடுகிற மாதிரி!

வெட்டினால் ஏன் காய்க்கிறது?

நம் மல்லிகைச் செடிக்குக் கவாத்து செய்கிறோம் இல்லையா? முருங்கையின் நுனியைக் கிள்ளிவிடுகிறோம் இல்லையா? அதே சங்கதிதான். ஒரு கிளையின் நுனியில் இருக்கும் மொட்டு, கீழே இருக்கும் மொட்டுகளையெல்லாம் "நீங்கள் சும்மா இருங்கள்" என்று அடக்கி வைக்கிறது. அந்தக் காலத்து மாமியார் மாதிரி. (நானும் மாமியார்தான், கோபித்துக்கொள்ளாதீர்கள்!) நுனியை வெட்டினதும் கீழ் மொட்டுகளுக்குச் சுதந்திரம். நாலைந்து புதுக் கிளை வரும். அஞ்சீர், அந்தப் புதுக் கிளையில் ஒவ்வொரு இலைக்காம்பின் அடியிலும் காய்க்கும் ஜாதி. புதுக் கிளை நிறைய வந்தால் காயும் நிறைய.

வஹினி வெட்டினதைக் கவனித்துப் பார்த்தேன். முதலில் காய்ந்தது, ஒன்றோடு ஒன்று உரசுவது, உள்பக்கமாக வளர்ந்தது எல்லாவற்றையும் எடுத்தாள். மரத்தின் நடுவில் வெளிச்சம் விழ வேண்டுமாம். காற்றோட்டம் இல்லாவிட்டால் மழைக்காலத்தில் இலையின் அடியில் துரு மாதிரி நோய் வந்து, அத்தனை இலையும் கொட்டிவிடும். பிறகு போன பருவத்துக் கிளைகளை, அடியில் சில மொட்டுகளை மட்டும் விட்டு, வெளிப்பக்கம் பார்த்த மொட்டுக்குச் சற்று மேலே சாய்வாக நறுக்கினாள். பெரிய வெட்டுக் காயங்களில் மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த நீலப் பசையைப் பூசினாள். அப்புறம் பாத்தி கொத்தி, எரு வைத்து, தண்ணீர்.

நறுக்கின இடத்தில் எல்லாம் பால் வடிந்தது. "கிட்ட வராதீங்க மாவஷி" என்று தடுத்துவிட்டாள். அந்தப் பால் பட்ட தோலோடு வெயிலில் நின்றால் கன்றிப்போய்க் கொப்புளம் வருமாம். முழுக்கைச் சட்டையின் ரகசியம் அப்போதுதான் புரிந்தது. பழம் பறிக்கிற காலத்திலும் இதே அவஸ்தைதான். விடியற்காலையில் ஊர்ப் பெண்கள் சட்டை மாட்டிக்கொண்டு வந்து, வெயில் ஏறுமுன் பறித்து முடிப்பார்கள். அஞ்சீரைக் காயாகப் பறித்து வந்து வாழை மாதிரி வீட்டில் பழுக்க வைக்க முடியாது. மரத்திலேயே பழுக்க வேண்டும். பழுத்ததும் ஓட வேண்டும்.

மே மாதத்தில் வந்த மழை

இந்த இடத்தில்தான் வஹினியின் கவலையைச் சொல்ல வேண்டும்.

வெட்டுவதற்கு முன்னால் மரத்துக்கு ஓய்வு வேண்டும். மே மாத வெயிலில் தண்ணீரை நிறுத்திவிடுவார்கள். இலை பழுத்து உதிரும். மரம் சத்தையெல்லாம் கிளைக்குள் சேர்த்து வைத்துக்கொண்டு தூங்கும். அப்படித் தூங்கின மரத்தை வெட்டித் தண்ணீர் விட்டால், எல்லா மொட்டும் ஒன்றாகக் கண் விழிக்கும். புரந்தர் மழை மறைவுப் பிரதேசம் என்பதால் மனிதர் நினைத்தபடி மரத்தைத் தூங்க வைக்க முடிகிறது.

ஆனால் 2025-இல் நடந்தது என்ன? மே மாதத்திலேயே மழை கொட்டிவிட்டது. வழக்கமாக ஜூன் இரண்டாவது வாரத்தில் அங்கே வரும் பருவமழை, மே 26-ஆம் தேதியே மும்பைக்கும் புனேக்கும் வந்து சேர்ந்தது. தூங்க வேண்டிய மரம் பச்சைப் பசேலென்று துளிர்த்து நின்றது. மீட்டா பஹாரின் கடைசிப் பழங்களும் வெடித்துப் போய், வந்த பணம் குறைந்துவிட்டது.

பாதித் தூக்கத்தில் இருக்கும் மரத்தை வெட்டினால் ஒரு கிளை துளிர்க்கும், ஒரு கிளை துளிர்க்காது. சேர்த்து வைத்த சத்தைப் புதுத் துளிரில் செலவு செய்துவிட்ட மரம், மறுபடி எதை வைத்துத் துளிர்க்கும்? வெட்டாமல் விட்டாலோ டிசம்பரில் பழம் இல்லை. டிசம்பரில்தான் பெண்ணின் நர்ஸிங் காலேஜ் இரண்டாவது தவணை கட்ட வேண்டும்.

வீட்டில் ஆளுக்கு ஒரு யோசனை. "நாள் தள்ளாதே, நாற்பதையும் வெட்டு" என்று புருஷன் போனில் சொல்கிறார். "ஒண்ணையும் தொடாதே, மரம் போயிடும்" என்று மாமியார் கயிற்றுக் கட்டிலில் உட்கார்ந்து சொல்கிறாள். பெண்ணோ, "ஆயி, ஒரு வருஷம் நான் வீட்டுல இருக்கேன்" என்கிறாள். அதைச் சொன்னபோது வஹினி அவளை ஒரு பார்வை பார்த்தாள் பாருங்கள்! மொழிபெயர்ப்பே தேவைப்படவில்லை.

வஹினி யாருக்கும் பதில் சொல்லவில்லை. கத்தரியை இடுப்பில் செருகிக்கொண்டு மரம் மரமாக நடந்தாள். நானும் பின்னாலேயே போனேன். சரிவின் மேல்பக்கம் மண் ஆழம் குறைவு. மழைத் தண்ணீர் நிற்காமல் ஓடிவிட்டிருந்தது. அங்கே இருந்த மரங்களில் இலை மஞ்சளாகி உதிர்ந்திருந்தது. மொட்டுகள் மூடிக் கிடந்தன. கீழ்ப்பக்கம், கிணற்றோரத்து மரங்கள் கரும்பச்சை. ஒவ்வொரு மரத்தையும் தொட்டுப் பார்த்து, தூங்கின மரத்தில் ஒரு துணிக் கிழிசலைக் கட்டிக்கொண்டே போனாள். கடைசியில் எண்ணிப் பார்த்தால் முப்பது.

"முப்பதை வெட்டறேன். மிச்ச ஐம்பதும் செப்டம்பருக்கு. பீஸு எனக்கு டிசம்பர்ல வேணும்ங்கறது மரத்துக்குத் தெரியுமா? தூங்கறதைத்தான் எழுப்ப முடியும், மாவஷி."

குழந்தையைத் தூங்க வைத்து எழுப்பும் நமக்குப் புரியாத விஷயமா இது!

அத்திப் பூவும் அத்திப் பழமும்

மதியம் பாக்ரி, பிட்லா, பச்சை மிளகாய்த் தேச்சா. பாக்ரி என்றால் கம்பு ரொட்டி. பிட்லா, கடலை மாவில் கிளறின கூட்டு. சாப்பிட்டுக்கொண்டே "அத்தி பூத்தாற் போல" என்கிற நம் வழக்கை அவர்களுக்கு விளக்கினேன். அத்திப் பூவைப் பார்ப்பது அபூர்வம் என்கிறோம். உண்மையில் அத்தியும் அஞ்சீரும் பூக்காமல் இல்லை. காய் என்று நாம் நினைக்கிறோமே, அதற்கு உள்ளேதான் நூற்றுக்கணக்கான பூக்கள் இருக்கின்றன. பிட்டுப் பார்த்தால் இழை இழையாகத் தெரிவது அவைதான்.

நாட்டு அத்தியைப் பிட்டால் பூச்சி இருக்கும். குட்டிக் குளவிகள் உள்ளே நுழைந்து மகரந்தம் சேர்க்கின்றன. புனே அஞ்சீருக்கு அந்தக் குளவி தேவையில்லை. மகரந்தச் சேர்க்கை இல்லாமலே பழுக்கிற ரகம். அதனால் பூச்சி இருக்குமோ என்று அருவருப்புப் பட வேண்டாம்.

'அஞ்சீர் சாப்பிட்டால் ரத்தம் ஊறும்' என்று மாமியார்க் கிழவி சொன்னாள். நம் வீடுகளிலும் சொல்கிறோம். கர்ப்பிணிகள், இளம் தாய்மார்கள் இதைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 100 கிராம் உலர்ந்த அஞ்சீரில் நார்ச்சத்து 10 கிராம், சுண்ணாம்புச் சத்து 160 மில்லிகிராம் அளவுக்கு இருக்கிறது. மலச்சிக்கலுக்கு நல்லதுதான். ஆனால் இரும்புச் சத்து 2 மில்லிகிராம்தான். டாக்டர் கொடுத்த இரும்புச் சத்து மாத்திரைக்குப் பதிலாக அஞ்சீர் என்று நினைத்து மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. உலர்ந்த பழத்தில் பாதிக்குப் பாதி சர்க்கரை. பிரசவ காலச் சர்க்கரை நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் சாப்பிட வேண்டாம். மற்றவர்கள் இரண்டு பழத்தைக் கழுவி, இரவு தண்ணீரில் ஊறப்போட்டு, காலையில் அந்தத் தண்ணீரோடு சாப்பிடலாம்.

உங்கள் மாடியில் ஒரு மரம்

கிளம்பும்போது வஹினி, வெட்டின கிளையில் பென்சில் கனத்தில், ஒரு சாண் நீளத்தில் நாலு குச்சி நறுக்கி ஈரத் துணியில் சுற்றிக் கொடுத்தாள். அஞ்சீர் குச்சியிலிருந்தே வேர் விடும். நாலில் இரண்டு, இப்போது தஞ்சாவூர் வீட்டு மாடியில் தொட்டியில் நிற்கிறது. நர்சரிகளிலும் கன்று கிடைக்கிறது. வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு நான் அங்கே கற்றுக்கொண்டது இதுதான்:

புனேக்காரர்கள் கணக்கை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவரக் கூடாது. அவர்களுக்கு மழை ஜூன் முதல் செப்டம்பர் வரை. நமக்குப் பெருமழை ஐப்பசி, கார்த்திகையில். ஜூனில் கவாத்து செய்தால் நம் பழம் சரியாக அடைமழையில் மாட்டிக்கொள்ளும். ஆவணிக் கடைசியில் வெட்டினால் தை, மாசியில் பழுக்கும். உங்கள் ஊர் மழை எப்போது என்று பார்த்து, நாலைந்து மாதத்தைப் பின்னோக்கி எண்ணுங்கள்.

வெட்டுவதற்கு மூன்று, நாலு வாரம் முன்பே தண்ணீரைக் குறைத்து விடுங்கள். தொட்டியாக இருந்தால் மழை படாத இடத்தில் நகர்த்தி வைக்கலாம். மரத்தில் காய் இருக்கும்போது கத்தரி வைக்க வேண்டாம். கத்தரி கூர்மையாக, சுத்தமாக இருக்கட்டும். புதுக் கிளை நெட்டையாக ஓடிக்கொண்டே போய்க் காய் பிடிக்கவில்லையா? ஐந்தாறு இலை வந்ததும் நுனியைக் கிள்ளிவிடுங்கள். குளிர் நாடான இங்கிலாந்தில்கூடக் கோடை ஆரம்பத்தில் இப்படித்தான் கிள்ளிக் காய்க்க வைக்கிறார்கள்.

முக்கியமாக, வெட்டும்போது முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். பால் பட்டால் உடனே சோப்புப் போட்டுக் கழுவிவிட்டு நிழலுக்குப் போய்விடுங்கள். வெட்டின குச்சிகளைக் குழந்தைகள் விளையாட எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

டிசம்பர் தகவல்

ஜூலையில் பேத்தி பிறந்தாள். நான் ஊர் திரும்பினேன். டிசம்பர் முதல் வாரத்தில் மகள் போன் செய்தாள். வஹினி வீட்டிலிருந்து ஒரு பெட்டி அஞ்சீர் வந்திருக்கிறதாம், அஞ்சீர் இலை பரப்பி அதன்மேல் அடுக்கி.

முப்பது மரத்தில் ஆறு சரியாகத் துளிர்க்கவில்லை. இருபத்துநாலு காய்த்தது. காலேஜ் தவணையில் முக்கால் பங்கு பழத்திலேயே வந்துவிட்டது. மீதிக்கு இரண்டு வளையலை அடகு வைத்தாளாம். செப்டம்பரிலும் மழை விடாததால் மற்ற ஐம்பது மரத்தின் வெட்டு அக்டோபருக்குத் தள்ளிப்போயிருக்கிறது. "வளையல் அந்த ஐம்பது மரத்தைப் பார்த்துக்கிட்டு உட்கார்ந்திருக்குன்னு மாவஷிகிட்ட சொல்லு" என்று சிரித்தாளாம். பெண் ஹாஸ்டலில் இருக்கிறாள். ஒரு நாள்கூட வகுப்பு தவறவில்லை.

நீங்கள் புனேக்குப் போனால் மாசியிலிருந்து சித்திரைக்குள் போகப் பாருங்கள். ஜேஜுரி தரிசனம் முடித்துத் திரும்பும்போது சாஸ்வட் சாலையோரத்தில் பெண்கள் கூடை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பழம் தொட்டால் மெத்தென்று, காம்பு லேசாகத் தொய்ந்து இருக்க வேண்டும். ஒரு கிலோவுக்கு மேல் வாங்காதீர்கள், அன்றே சாப்பிட்டுவிடுங்கள். பேரம் பேசும்போது மட்டும், அந்தக் கூடை ஐந்து மாதத்துக்கு முன்னால் ஒரு பெண் கத்தரியை எடுத்த நாளிலிருந்து வருகிறது என்பதைக் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.